ஐந்தரை

வெள்ளவத்தையில் கடைசி ரயில் போனபிறகு
மேசை ஆடுவதை நிறுத்தும்.
அப்போதுதான் திறப்பேன்.
பகலில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் சம்பளப் பட்டியல்.
இரவில் யாருக்கும் சொந்தமில்லாத,
யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய
ஓர் இயங்குதளத்தின் மூலநிரல்.
முப்பது இலட்சம் வரிகளில்
என் பொறுப்பு ஒரு சின்னக் கோப்பு:
உலகத்து மணிக்கூடுகள்.

எந்த நாடு எந்த நள்ளிரவில் முள்ளைத் திருப்பியது,
எந்த அமைச்சர் வெள்ளியன்று அறிவித்து
ஞாயிறன்று அமுல்படுத்தினார்,
எல்லாம் வரிவரியாக.
பெரும்பாலும் அலுப்பு வேலை.
ஒரு காற்புள்ளி தவறியிருக்கும். திருத்துவேன்.
வரி முடிவில் வெற்றிடம் தொங்கும். வெட்டுவேன்.
கடல் உப்புத் தின்ற விசைப்பலகையில்
சுழியம் இரண்டு தரம் விழும்,
கவனமாக ஒன்றை அழிப்பேன்.

நேற்று தாலினிலிருந்து ரைகோ
ஒரு பேட்ச் அனுப்பியிருந்தான்.
கெட்டிக்காரப் பெடியன், மரியாதையானவன்.
கொழும்பும் கொல்கத்தாவும் இப்போது ஒரே நேரம்தானே,
கொழும்பின் வரிகளை எடுத்துவிட்டு
அங்கே ஒரு சுட்டு வைத்தால் போதும் என்றான்.
பதினான்கு வரி மிச்சம்.
சோதனைகள் எல்லாம் பச்சை.

அழிக்கக் கேட்டவை சிவப்பில் நின்றன,
ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கழித்தல் குறி:
தொண்ணூற்றாறு வைகாசி, ஆறரை.
அதே வருடம் ஐப்பசி, ஆறு.
இரண்டாயிரத்தாறு சித்திரை, திரும்ப ஐந்தரை.

கரண்டை மிச்சம் பிடிக்க
அந்தியை இழுத்து நீட்டியது அரசாங்கம்.
வன்னி முள்ளைத் தொடவில்லை.
புது நேரம், பழைய நேரம் என்றோம்.
ஓமந்தையில் பையைக் கொட்டிக் காட்டி,
அடையாள அட்டையைக் காட்டி,
ஆளில்லாத அந்தத் துண்டு றோட்டைத் தாண்டியதும்
அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவோம்.
திரும்பி வரும்போது
அதை அங்கேயே கொடுத்துவிட்டு வருவோம்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் நிலமகள் பிறந்தது
இரவு பதினொன்றே முக்காலுக்கு.
அக்கா கலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தாள்.
கொழும்புக் கணக்கில்
அது மறுநாள், பன்னிரண்டேகால்.
பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
இரண்டு கடதாசியையும் பார்த்து
எது சரி என்றார்.
எந்த மணிக்கூட்டில் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
உறுதிப்படுத்த அக்கா இல்லை.
நிலமகள் இப்போது என்னோடுதான்.
இரண்டு நாளும் கேக் கேட்பாள்.

ரைகோவுக்கு இதெல்லாம் எழுதவில்லை.
அந்தப் பத்து வருடத்து வைத்தியசாலைப் பதிவுகள்,
வங்கிக் கணக்குகள், சேவையகக் குறிப்புகள்
அரை மணித்தியாலம் வழுக்கிப் போகும் என்றேன்.
மூன்று உதாரணம் இணைத்தேன்.
நிராகரித்தேன்.

மன்னிப்புக் கேட்டான், நன்றி சொன்னான்,
ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு கேள்வி:
உங்கள் பழைய குறிப்பொன்றில்
வடக்கே சில இடங்கள் மாறவில்லை என்றிருக்கிறது.
அவற்றுக்கு ஏன் தனி வரி இல்லை?
சான்று தந்தால் நானே எழுதுகிறேன்.

சான்று.
வர்த்தமானி கிடையாது.
அசையாத முள்ளுக்கு
யார் அறிவித்தல் அடிப்பது?
பதினைந்து வருடமாக அந்த ஒற்றைக் குறிப்பை,
கணினி படிக்காமல் தாண்டும் அந்த வரியை,
ஒவ்வொரு வெளியீட்டிலும் சரிபார்த்து
அப்படியே விட்டு வந்திருக்கிறேன்.

உள்ளறையில் இன்னும் லைட் எரிந்தது.
தட்டினேன்.
அம்மாவின் அந்தக் கலண்டர் தாளை
ஒருக்கால் படம் எடுத்துத் தருவியோ என்றேன்.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
அலுமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை
மெல்ல இழுத்து மேசையில் வைத்தாள்,
போனைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்:

"ரெண்டு பக்கமும் எடுக்கவோ?"